ஆற்றைத் திருப்பாத ஓநாய்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நம் மொழி ஓநாய்க்கு அளித்த இடம் ஏறத்தாழ அவ்வளவே. கள்ளக் கண்ணீர், வஞ்சம், அடங்காப் பசி. கிடைபோட்டு ஆடு காத்தவர்களின் மொழி வேறெப்படிப் பேசும் என்று அதை விட்டுவிடலாம். ஆனால் கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக வேறோர் ஓநாய் நம்மிடையே வலம் வருகிறது. அது அழுவதில்லை, அருள்பாலிக்கிறது. பட்டுப்போன மரங்களைத் துளிர்க்கச் செய்கிறது, பறவைகளை அழைத்து வருகிறது, முடிவில் ஆறுகளின் போக்கையே மாற்றிவிடுகிறது. சூழலியல் கூட்டங்களிலும் பள்ளி விழா உரைகளிலும் நண்பர்கள் அனுப்பிவைக்கும் காணொளிகளிலும் நாம் அதைப் பலமுறை சந்தித்துவிட்டோம். இலக்கியக் கூட்டங்களில்கூட ‘இயற்கையின் ஒத்திசைவு’ என்ற சொற்றொடருக்குப் பின்னிருந்து அது தலைநீட்டுகிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் எழுபது ஆண்டுகள் இல்லாமற்போயின. எல்க் மான்கள் பெருகி, ஆற்றங்கரை மரங்களை மொட்டையாக மேய்ந்து தீர்த்தன. 1995-இல் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்கு அஞ்சிய மான்கள் பள்ளத்தாக்குகளை விட்டு விலகின. வில்லோவும் ஆஸ்பெனும் தழைத்தன. பீவர்கள் வந்து அணை கட்டின. கரைகள் இறுகின. ஆறுகள் வளைந்து நெளிவதைக் குறைத்துக்கொண்டு நேராயின. பிரித்தானிய எழுத்தாளர் ஜார்ஜ் மான்பியோவின் குரலில் 2014-இல் வெளிவந்த ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ஒரு காணொளி இதைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தது.

இக்கதையை நாம் மறுக்கிறோம். யெல்லோஸ்டோனுக்கு ஓநாய்கள் திரும்பியதை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். இவ்விரண்டையும் ஒருசேரச் சொன்னால் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். நல்ல காரியத்துக்கு உதவும் கதையை ஏன் உடைக்க வேண்டும் என்கிறார்கள். கதை எழுதுவதையும் படிப்பதையுமே வேலையாகக் கொண்ட நாம்தாம் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஓநாயை அழித்ததிலும் கதைக்குப் பங்குண்டு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் உண்மை நிலவரம். பூங்காவின் வடபகுதி எல்க் மந்தை 1994-இல் 19,000 அளவில் இருந்தது. 2013-இல் 4,000-க்கும் கீழே வந்தது. இந்த வீழ்ச்சியில் ஓநாய்க்குப் பங்குண்டு, ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் கிரிஸ்லி கரடிகள் பெருகின, பூமாக்கள் பெருகின, பூங்காவின் எல்லையைத் தாண்டிய மான்களை மனிதர்கள் வேட்டையாடினார்கள், வறட்சியும் வந்தது. மான் குறைந்ததால் சில இடங்களில் ஆஸ்பென் கன்றுகள் மரமாகியிருக்கின்றன. ஓநாய் கொன்று போட்ட இரையில் காக்கை, கழுகு, கரடி, வண்டு என எத்தனையோ உயிர்கள் பசியாறுகின்றன. இவை மெய். இங்கே நிறுத்தியிருந்தால் நமக்கு ஒரு சண்டையும் இல்லை.

வில்லோவிலும் பீவரிலும்தான் கதை இடறுகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் ஹாப்ஸ், டேவிட் கூப்பர் முதலியோர் 2001-ஆம் ஆண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பூங்காவின் வடபகுதியில் சிற்றோடைகளை ஒட்டி நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். சிலவற்றில் மான் நுழையாதபடி வேலி. சிலவற்றில் பீவர் கட்டுவது போன்ற அணையைச் செயற்கையாகக் கட்டி நிலத்தடி நீரை உயர்த்தினார்கள். சிலவற்றில் இரண்டும். சிலவற்றில் ஒன்றும் இல்லை. வேலி என்பது கற்பனை செய்யக்கூடிய ஆகக் கொடிய ஓநாய். அதைத் தாண்டி ஒரு மானும் வராது. அப்படியிருந்தும், வேலி மட்டும் போட்ட இடங்களில் வில்லோ உயரத் தயங்கியது. நீரும் வேலியும் சேர்ந்த இடத்தில்தான் செழித்தது. இருபதாண்டுத் தரவுகளோடு முடிவுகளை 2024-இல் வெளியிட்டார்கள். ஓநாயை மீட்டதால் அந்த ஓடைகள் மீளவில்லை என்பதே அதன் சாரம்.

ஏன்? இங்குதான் விஷயம் அழகாகவும் கொடூரமாகவும் ஆகிறது. ஓநாய் போனபின் மான் பெருகியது. மான் வில்லோவைத் தின்றது. வில்லோ இல்லாமல் பீவர் வாழ முடியாது. அதன் உணவும் அதுவே, அணைக்கான கழியும் அதுவே. பீவர் போயிற்று. பராமரிக்க ஆளின்றி அணைகள் உடைந்தன. தேங்கி நின்ற நீர் விரைந்தோடத் தொடங்கி ஓடையின் அடியை அறுத்தது. ஓடை தன் தடத்துக்குள்ளேயே தாழ்ந்து இறங்கியது. அதனுடன் நிலத்தடி நீரும் இறங்கியது. இப்போது வில்லோவின் வேர் எட்ட முடியாத ஆழத்தில் நீர். மான் குறைந்தாலும் வில்லோ வளராது; வில்லோ வளராததால் பீவர் வராது; பீவர் வராததால் நீர் உயராது. பூட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே நிற்பதைப் போன்றது இது.

பூங்காவில் பீவர் கூடியது என்பது ஓரளவு உண்மையே. ஆனால் 1986 முதல் 1999 வரை, பூங்காவின் வடக்கெல்லையை ஒட்டிய வனப்பகுதியில் 129 பீவர்களை வனத்துறையினரே கொண்டுவந்து விட்டார்கள் என்பதைக் காணொளி சொல்வதில்லை. அவற்றின் வழித்தோன்றல்கள் ஓடை வழியே உள்ளே வந்தன. ஓநாய்க் கதையில் பெயர் பெறாத பாத்திரங்கள் அவை.

விவாதம் முடிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிளும் அவருடன் பணிபுரிவோரும் 2025-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆற்றங்கரை வில்லோவின் கிளைப்பரப்புக் கனஅளவு 2001-க்கும் 2020-க்கும் இடையே ஏறத்தாழ 1500 சதவீதம் கூடியதாகக் கூறியது. அக்கணக்கிடும் முறையையே பிற ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். அறிவியல் இப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். அறிஞர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கும் ஒன்றை வேத வாக்காக மேடையில் முழங்குபவர்களோடுதான் நம் வழக்கு. ஓநாயை 1958 முதல் ஆராய்ந்துவரும் டேவிட் மெக், அறிவியல் ஓநாயைப் புனிதப்படுத்தும் ஆபத்தில் இருக்கிறதா என்று கேட்டு 2012-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். ஓநாய்க்கு எதிரி என்று அவரை எவரும் சொல்லிவிட முடியாது.

(போகிற போக்கில் ஒன்று. ‘ஆல்ஃபா ஓநாய்’ என்று மேலாண்மைப் பயிற்சியாளர்கள் கூவி விற்கிறார்களே, அந்தக் கருத்தைத் தம் 1970-ஆம் ஆண்டு நூலில் பரப்பியவரும் இதே மெக்தான். அடைபட்ட விலங்குகளைப் பார்த்து எழுந்த முடிவு அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் அவரே திருத்தி எழுதினார். திருத்தத்தைப் படித்த பயிற்சியாளர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.)

கதையில் பிழை இருந்தால் என்ன, ஓநாய்க்கு நன்மைதானே என்னும் வாதத்துக்கு வருவோம். நன்மை இல்லை. ஓநாய் ஆற்றைத் திருப்பியது, ஆகவே அது வாழலாம் என்று சொல்லும்போது நாம் அதற்கு ஒரு வேலை கொடுக்கிறோம். வேலையைச் சரியாகச் செய்யாத வேலைக்காரனை என்ன செய்வார்கள்? ஆறு திரும்பவில்லை என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கிய அன்றே, ஓநாயை வெறுப்பவர்கள் அவ்வாய்வுகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ‘பார்த்தீர்களா, பொய் சொல்லித்தானே கொண்டுவந்தீர்கள்’ என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் ஓநாயின் நண்பர்கள்.

இன்னொரு தீங்கும் உண்டு. இக்கதை மனிதனுக்கு மிக வசதியானது. எதை வேண்டுமானாலும் அழிக்கலாம். பின்னொரு நாள் மனம் வருந்தி, 31 விலங்குகளைக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அது காதில் ஓதுகிறது. அறுபட்ட ஓடையோ அப்படி ஆகாது என்கிறது. எழுபது ஆண்டு இடைவெளியில் நிலமே வேறாகிவிட்டது. அழித்ததன் விளைவு, அழித்தவற்றைத் திருப்பி வைப்பதால் மட்டும் நீங்குவதில்லை. சூழலியல் மேடைகளில் ஒலிக்க வேண்டிய செய்தி இதுவல்லவா? ஆனால் இதற்கு இசையமைத்துக் காணொளி எடுக்க முடியாது.

அப்படியானால் ஓநாயை ஏன் கொண்டுவர வேண்டும்? நம் பதில் சுருக்கமானது. அது அங்கே இருந்தது. அரசு மக்கள் பணத்தைச் செலவிட்டுத் திட்டமிட்டு அதை ஒழித்தது. அந்தக் கடன் நிலுவையில் இருந்தது.

அந்த ஒழிப்பின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அழகிய விலங்குகளைக் காப்பதே பூங்காவின் பணி என்று அக்காலத்தில் கருதினார்கள். மான் அழகிய விலங்கு, ஓநாய் அன்று. 1915-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொன்றுண்ணிகளை ஒழிக்க 1,25,000 டாலர் ஒதுக்கியது. 1914-க்கும் 1926-க்கும் இடையே பூங்காவின் எல்லைக்குள்ளேயே குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. கொன்றவர்களில் பூங்காவின் காவலர்களும் அடக்கம். கடைசியாக 1926-இல், சோடா பியூட் ஓடையருகே பொறியில் சிக்கிய இரண்டு குட்டிகள்.

பொறியும் துப்பாக்கியும் மட்டுமல்ல. மேற்கு அமெரிக்காவின் சமவெளிகளில் இறந்த காளைகளின் உடலில் ஸ்ட்ரிக்னைன் தடவி வைத்தார்கள். எட்டிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் நஞ்சு அது. எட்டி மரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம் என்பதை நாம் சற்றுச் சங்கடத்தோடு குறித்துக்கொள்ளலாம். மொன்டானா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1905-இல் இயற்றிய சட்டத்தின்படி, பிடிபட்ட ஓநாய்களுக்குக் கால்நடை மருத்துவர்களைக்கொண்டு சொறிநோயை ஏற்றி மீண்டும் காட்டுக்குள் விட்டார்கள், பிறவற்றுக்குப் பரவட்டும் என்று. ஓநாய் போயிற்று, சொறிப்பூச்சி போகவில்லை. நூறாண்டுக்குப் பின், மீண்டும் குடியேறிய யெல்லோஸ்டோன் ஓநாய்களைத் தாக்கி, மயிர் உதிர்ந்து குளிரில் விறைத்துச் சாகவைத்த நோய் அதுவே. தாத்தாக்கள் வைத்த சூனியம் பேரப்பிள்ளைகளுக்கும் பலித்தது.

ஓநாய் செய்துகொண்டிருந்த வேலையைப் பிறகு மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மான் மிகுந்துவிட்டது என்று பூங்கா நிர்வாகமே பல பத்தாண்டுகள் மான்களைச் சுட்டது. 1961-62 குளிர்காலத்தில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட எல்க் மான்கள். பொதுமக்கள் பொங்கியெழுந்தபின் 1960-களின் இறுதியில் அது நின்றது. இதையெல்லாம் விடுத்து ஓநாய்களையே கொண்டுவந்தால் என்ன என்று ஆல்டோ லியோபோல்ட் 1944-இலேயே ஒரு நூல் மதிப்புரையில் கேட்டுவிட்டார். நூல் மதிப்புரை எழுதுபவர்களான நமக்கு இச்செய்தி ஓர் ஆறுதல். அந்த மதிப்புரையின் யோசனை நிறைவேற ஐம்பத்தோராண்டுகள் ஆயின என்பது அவ்வளவு ஆறுதலானதன்று.

லியோபோல்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிறவி ஓநாய்க் காதலர் அல்லர். 1909-இல் வனத்துறைப் பணியில் சேர்ந்து அரிசோனா மலைகளில் தானே ஓநாயைச் சுட்டவர். கொன்றுண்ணிகளை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று இளமையில் எழுதியும் பேசியும் வந்தவர். தான் சுட்ட தாய் ஓநாய் கண்முன்னே சாவதைப் பார்த்ததை முப்பத்தைந்தாண்டுகள் கழித்து எழுதினார். 1949-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலில் அக்கட்டுரை இடம்பெற்றது. ஓநாய் எவ்வளவு பயனுள்ளது என்பதை நிறுவும் பத்திகள் அதிலும் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கட்டுரை நம்மை அசைப்பது அந்தப் பத்திகளால் அல்ல. ‘நான் செய்தேன்’ என்று ஒருவர் கூறும் துணிவால்.

இதனோடு ஒப்பிட, கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவட்டின் ‘நெவர் க்ரை உல்ஃப்’ (1963) என்னும் புகழ்பெற்ற நூல் எதிர்த்திசையில் நிற்கிறது. எலிகளைத் தின்று வாழும் சாதுவான ஓநாய்க் குடும்பத்தைத் தன் அனுபவமாகவே காட்டிய நூல். இலட்சக்கணக்கானோரின் மனத்தை அது மாற்றியது என்பது உண்மை. அந்நூலிலும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையிலும் உள்ள மெய்ம்மையின் அளவு ஏறத்தாழ ஒன்றே என்று கனடிய வனவிலங்குத் துறையின் ஃபிராங்க் பேன்ஃபீல்டு எழுதியதும் உண்மை. புனைவைப் புனைவென்று சொல்லி எழுதியிருந்தால் மோவட்டை நாம் கொண்டாடியிருப்போம்.

1995 ஜனவரி 12-ஆம் நாள் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து பிடித்த ஓநாய்களின் முதல் தொகுதி யெல்லோஸ்டோன் வந்தது. அந்த ஆண்டு 14, மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. முதலாண்டு வந்தவற்றை மூன்று வேலியடைப்புகளில் சுமார் பத்து வாரம் வைத்திருந்து, மார்ச்சில் கதவைத் திறந்தார்கள். மூன்றில் ஒன்று சோடா பியூட்டில்.

ஏப்ரலிலேயே பத்தாம் எண் ஆண் ஓநாய் மொன்டானாவின் ரெட் லாட்ஜ் அருகே சுட்டுக் கொல்லப்பட்டது. அதன் இணையான ஒன்பதாம் எண் பெண் ஓநாய் பூங்காவுக்கு வெளியே எட்டுக் குட்டிகளை ஈன்று தனித்து நின்றது. தாயையும் குட்டிகளையும் பிடித்து மீண்டும் அடைப்புக்குக் கொண்டுவந்து காத்தார்கள். இன்றைய யெல்லோஸ்டோன் ஓநாய்களின் வம்சாவளியில் அந்தத் தாய்க்குப் பெரிய இடம் உண்டு. 1997 டிசம்பரில் வயோமிங் நீதிமன்றம் ஒன்று இத்திட்டமே சட்டவிரோதம், ஓநாய்களை அகற்றுக என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியும்வரை அத்தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டு, 2000 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்த இரண்டாண்டுகள் அவ்வளவு விலங்குகளும் சட்டத்தின் கயிற்றில் தொங்கின.

அந்த வழக்கில் ஒரு விசித்திரம். பண்ணையாளர்கள் மட்டுமல்ல, சில சூழலியல் அமைப்புகளும் இத்திட்டத்தை எதிர்த்து வழக்காடின. கனடாவிலிருந்து ஓநாய்கள் தாமாகவே தெற்கே நடந்து வந்துகொண்டிருந்தன. 1986-இல் மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் குட்டி ஈன்றன. தானாக வரும் ஓநாய்க்கு அழிந்துவரும் உயிரினங்கள் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. கொண்டுவந்து விட்ட ஓநாயோ, ‘சோதனை முறையிலான, இன்றியமையாததல்லாத’ கூட்டம் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. கால்நடையைத் தாக்கினால் சுடலாம். அந்த விட்டுக்கொடுத்தல் இல்லாமல் எந்த மாநிலமும் உடன்பட்டிருக்காது. ‘இன்றியமையாததல்லாத’ என்ற சொல் உறுத்தத்தான் செய்கிறது. எனினும் காத்திருந்தால் இன்னும் எத்தனை பத்தாண்டுகளோ. நாம் அந்த ஒப்பந்தத்தின் பக்கமே நிற்கிறோம். வந்தவை வேற்றுநாட்டு அரக்க ஓநாய்கள் என்ற கூச்சலுக்கும் மேற்சொன்ன கிளேசியர் செய்தியே பதில்: நடந்தே வந்துசேரும் விலங்குக்கு நாட்டின் எல்லைக்கோடு தெரியாது.

ஐடஹோவில் நடந்ததை ஏனோ எவரும் சொல்வதில்லை. அங்கும் 1995, 1996 ஆண்டுகளில் 35 ஓநாய்கள் விடப்பட்டன. அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்க ஐடஹோ சட்டமன்றம் மறுத்தது. ஏற்றவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். 1877-இல் அமெரிக்கப் படை துரத்த, பெண்டு பிள்ளைகளோடு இதே யெல்லோஸ்டோன் பூங்காவின் ஊடே ஓடியவர்கள் அவர்கள். ‘கன்னி நிலம்’ என்று பூங்காவைப் புகழ்பவர்கள், அந்நிலத்திலிருந்து ஓநாய்க்கு முன்பே மனிதர்களும் அகற்றப்பட்டதை அறிய வேண்டும். பழைய காட்டுக்கு விலங்கைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசும் எவரும் அங்கிருந்த மனிதர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஓநாய்க்குக் கிடைத்த வேலியடைப்பும் வரவேற்பு வளைவும் நெஸ் பெர்ஸ் மக்களுக்கு எந்தப் பூங்காவிலும் கிடைக்கவில்லை.

இனி, கன்று இழந்தவர்கள். இங்குதான் ஓநாய் அன்பர்களின் பேச்சு நமக்கு ஆகக் கசக்கிறது. ‘மொத்தக் கால்நடைகளில் ஓநாய் கொல்வது மிகச் சொற்பம்’ என்பார்கள். கணக்கு சரி. ஆனால் அச்சொற்பம் எல்லாப் பண்ணைகளுக்கும் பகிர்ந்து விழுவதில்லை. காட்டோரத்தில் இருக்கும் சிலருடைய தொழுவத்தில் முழுதாக விழுகிறது. ஓநாய் பார்க்க வரும் பயணிகளால் யெல்லோஸ்டோன் வட்டாரத்துக்கு ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர் வருகிறது என்று மொன்டானா பல்கலைக்கழகத்தின் ஜான் டஃபீல்டு 2005-ஆம் ஆண்டுத் தரவுகளைக்கொண்டு மதிப்பிட்டார். அப்பணம் விடுதிக்காரருக்கும் வழிகாட்டிக்கும் போகிறது. இரவெல்லாம் மந்தையோடு கிடந்தவருக்குப் போவதில்லை. இதை முதலில் உணர்ந்தது அரசு அன்று. ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப்’ என்னும் தொண்டு அமைப்பு. 1987 முதல் 2010 வரை அது பண்ணையாளர்களுக்கு 14 இலட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. காணொளி பகிர்ந்ததைவிட ஓநாய்க்கு இது செய்த நன்மை பெரிது.

கொலராடோவில் 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு இந்தப் பிளவைப் பட்டவர்த்தனமாக்கியது. ஓநாயைக் கொண்டுவரும் முன்மொழிவு 50.9 சதவீத வாக்கில் வென்றது. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள நகரவாசிகள். ஓநாய் விடப்பட வேண்டிய இடமோ மலைத்தொடருக்கு மேற்கே. அங்குள்ள பெரும்பாலான மாவட்டங்கள் எதிர்த்து வாக்களித்தன. அடுத்தவன் தோட்டத்தில் புலி வளர்க்க ஆசைப்படுவது எளிது. நாமும் நகரவாசிகளே, நம் வீட்டு ஆட்டை எந்த ஓநாயும் தூக்கப் போவதில்லை. ஆகவே நாம் ஆதரவு தெரிவிக்கும்போதே கையைச் சட்டைப்பைக்குள்ளும் விட வேண்டும். ஒரு விலங்குக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு என்று கொலராடோ விதித்தது. அது தாராளம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

பண்ணையாளருக்காகப் பேசும் நாம், அவர்களின் பெயரால் நடக்கும் கொலைக் களியாட்டத்துக்காகப் பேசமாட்டோம். 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வரவுசெலவு மசோதாவின் இடுக்கில் ஒரு விதியைச் செருகி, மொன்டானா, ஐடஹோ ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அறிவியல் தீர்மானிக்க வேண்டியதை நிதிச் சட்டம் தீர்மானித்தது. மறு ஆண்டு டிசம்பரில், பார்வையாளர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்த ‘ஓ-சிக்ஸ்’ என்ற பெண் ஓநாய் பூங்காவின் எல்லைக்கு வெளியே வேட்டையாடப்பட்டது. 2021-22 பருவத்தில் யெல்லோஸ்டோனைச் சேர்ந்த 25 ஓநாய்கள் எல்லை தாண்டியதும் கொல்லப்பட்டன. அவை கன்று தின்றதற்காக அல்ல. எல்லைக்கு அருகில் இருந்த வரம்பை மொன்டானா எடுத்துவிட்டதற்காக. வயோமிங்கின் சுமார் 85 சதவீத நிலத்தில் உரிமமின்றி ஆண்டு முழுதும் ஓநாயைக் கொல்லலாம். 2024 பிப்ரவரியில் அங்கு ஒருவர் ஓநாய் ஒன்றைப் பனிமோட்டார் வண்டியால் மோதி வீழ்த்தி, உயிரோடு வாயைக் கட்டி மதுக்கடைக்குள் இழுத்து வந்து காட்சிக்கு வைத்து, பிறகு கொன்றார். விதிக்கப்பட்ட அபராதம் 250 டாலர். இதில் எந்தக் கன்று காப்பாற்றப்பட்டது?

சொறிநோயை ஏற்றிய 1905-ஆம் ஆண்டு மனம் செத்துவிடவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. அந்த மனத்தோடு வாதாட ஆற்றுக் கதை உதவாது. வாயைக் கட்டி இழுத்தவரிடம் வில்லோவின் உயரத்தைச் சொல்லி என்ன பயன்? சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அபராதத்தைத்தான் கூட்ட வேண்டும். பூங்காவின் எல்லையைச் சுற்றி வேட்டையில்லா வளையம் கேட்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைகள்.

கதையைக் கெடுத்துவிட்டால் மக்கள் ஆதரவு வடிந்துவிடும் என்று இன்னும் அஞ்சும் நண்பர்களுக்குக் கொலராடோவின் மெய்க்கதை ஒன்றைச் சொல்கிறோம். 2023 டிசம்பரில் ஒரிகனிலிருந்து வந்த பத்து ஓநாய்கள் அங்கே விடப்பட்டன. (அண்டையிலுள்ள வயோமிங், ஐடஹோ, மொன்டானா மூன்றும் ஒரு குட்டியைக்கூடத் தர மறுத்தன.) அவற்றில் ஓர் இணை காப்பர் க்ரீக் என்ற குடும்பத்தைத் தொடங்கியது. ஆடுமாடுகளைத் தாக்கியது. 2024-இல் குடும்பத்தையே பிடித்தார்கள். துப்பாக்கிக் காயத்தோடு இருந்த தந்தை பிடிபட்ட சில நாளில் இறந்தது. 2025 ஜனவரியில் தாயையும் நான்கு குட்டிகளையும் வேறிடத்தில் விட்டார்கள். அங்கும் மாடுகள் இறந்தன. மே மாத இறுதியில் அக்குட்டிகளில் வளர்ந்த ஒன்றை அரசு வனவிலங்குத் துறையே கொன்றது. அதே ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 ஓநாய்கள் வந்து சேர்ந்தன. இரவில் மந்தையைச் சுற்றிவரக் குதிரைக் காவலர்களை நியமித்தார்கள். இழப்பீட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. ஆறு எதுவும் திரும்பவில்லை. இதைக் கேட்டபின்னும் ஓநாய் அங்கே இருக்கட்டும் என்று சொல்பவர் எவரோ, அவருடைய ஆதரவுதான் நமக்கு வேண்டும்.